திரையில் காணும் எழுத்தும் கணினி அறிந்த எழுத்தும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நெடுங்காலமாக வணிகம் செய்துவரும் பெரியவர் ஒருவர், தம் வைப்புத்தொகை முதிர்ந்துவிட்டதென்று ஒரு மாதம் மூன்றாம் நாளன்றே எங்கள் கிளைக்கு வந்துவிட்டார். முதிர்வு நாளோ எட்டாம் தேதி. “மூணுன்னுதானே சார் போட்டிருக்கு?” என்று மறுநாள் தம் மடிக்கணினியையே கொண்டுவந்து காட்டினார். அவர் கண்ணைக் குறைசொல்ல இயலாது. பழைய கணினி, பக்கத்தின் அளவு முக்கால் பங்காகச் சுருக்கப்பட்டிருந்தது, எழுத்தை மென்மையாக்கும் வசதியும் அணைக்கப்பட்டிருந்தது. எட்டின் இடப்பக்க வளைவுகள் கரைந்துபோய், மூன்றாகவே எனக்கும் தெரிந்தது.

கணினித் திரை என்பது சிறு சதுரப் புள்ளிகளாலான கட்டம். கோலப்புள்ளிகளின்மேல் வளைகோடு இழுப்பது போன்றதன்று அது. கட்டங்களை நிரப்பித்தான் வளைவைக் காட்ட வேண்டும். ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கு, அல்லது வெளுப்பாக விடு என்று இரண்டே வழிகள் இருந்தால் ‘ழ’வின் சுழி படிக்கட்டு போலாகும். ஓரங்களில் சாம்பல் நிறம் இட்டு அந்தப் படிகளை மறைப்பது முதல் உத்தி. 1998இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப் முறை இன்னும் ஒரு படி சென்றது. வண்ணத் திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கீற்றுகள் உண்டு. அவற்றைத் தனித்தனியே இயக்கினால், கிடைமட்டத்தில் மும்மடங்கு நுணுக்கம் கிடைக்கும். 2014 ஆகஸ்டில் வெளிவந்த குரோம் உலாவியின் 37ஆம் பதிப்பு, விண்டோஸ் கணினிகளில் டைரக்ட்ரைட் என்னும் புதிய வரைமுறைக்கு மாறியபோது, அதே பக்கங்கள் ஒரே இரவில் தெளிந்தாற்போல் தோன்றின. இன்றைய கைப்பேசித் திரைகளில் புள்ளிகள் மிக நெருங்கியிருப்பதால் இவ்வளவு வித்தை தேவைப்படுவதில்லை. 2018இல் ஆப்பிள் நிறுவனம் தன் மேசைக்கணினிகளில் மூவண்ணக் கீற்று முறையைக் கைவிட்டதற்கும் இதுவே பின்னணி.

தமிழுக்கு இது அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. ஒரு புள்ளி மங்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும் மொழி நம்முடையது. மேலும், ‘கொ’ என்று நாம் தட்டும்போது கணினி முதலில் ‘க’வையும் பிறகு ஒகரக் குறியையும் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இவ்வாறு எழுத்துகளை அடுக்கித் தருவதற்கெனத் தனி மென்பொருள் உண்டு. குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் அவ்வேலையைச் செய்வது ஹார்ஃபபஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. எங்கள் ஊரில் இத்தகைய மென்பொருளுக்கு ஆதரவு புதிதன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். தட்டச்சுப் பொறிக்காக 1971இல் எளிமையாக்கப்பட்ட மலையாள எழுத்தின் பழைய கூட்டெழுத்துகளைக் கணினியில் மீட்டதும் ‘ரசனா’ போன்ற எழுத்துருக்களே. பொறிக்காக எழுத்தை வெட்டிய காலம் போய், எழுத்துக்காகப் பொறியை வளைத்த காலம் அது.

திரை தெளிந்த பிறகும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. நன்கு தெரியும் எழுத்து, நாம் நினைக்கும் எழுத்துதானா?

வாடிக்கையாளர் கூட்டம் ஒன்றுக்குத் தமிழில் அழைப்பிதழ்ப் பட்டியல் தயாரித்தபோது இதை நான் பட்டறிந்தேன். ‘கௌரி’ என்ற பெயரைப் பட்டியலில் தேடினேன். இல்லை என்றது கணினி. புதிதாகச் சேர்த்தேன். அந்த அம்மையாருக்கு இரண்டு அழைப்பிதழ்கள் சென்றன. முதலில் தட்டியவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக, எகரக் கொம்போடு ‘ள’கரத்தைச் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டியிருந்தார். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘ஸ்ரீ’யின் கதையும் இதுவே. 2005இல் ‘ஶ’ என்னும் எழுத்து ஒருங்குறியில் சேர்க்கப்பட்டதிலிருந்து, ஸகரத்தில் தொடங்கும் பழைய ஸ்ரீ ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் புதிய ஸ்ரீ ஒன்று என இரண்டு உலவுகின்றன; எழுத்துருக்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வடிவில் வரைகின்றன. ஸ்ரீதேவியைக் காணவில்லையெனில் ‘தேவி’ என்று மட்டும் தேடிப் பாருங்கள். தமிழ் எண் ‘௭’உம் ‘எ’கரமும், ‘௧’உம் ‘க’கரமும் வேறு வேறு குறியீடுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அழைப்பிதழ் இரண்டு போனால் தபால் செலவோடு முடியும். இணைய முகவரியில் இதே மயக்கம் நேர்ந்தால் பணம் போகும். ரஷ்ய மொழியின் ‘அ’ ஒலி எழுத்தும் ஆங்கிலத்தின் முதல் சிற்றெழுத்தும் வடிவில் ஒன்றே. 2017இல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை முழுதும் ரஷ்ய எழுத்துகளால் பதிவு செய்து காட்ட, குரோம் தன் விதிகளை இறுக்கியது. ஐயத்துக்குரிய முகவரிகளை உலாவிகள் இப்போது ஆங்கில எக்ஸ், என் எழுத்துகளிலும் இரு சிறு கோடுகளிலும் தொடங்கும் குறியீட்டு வடிவில் காட்டுவதுண்டு. அப்படி ஒன்றைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பூட்டுப் படத்தை நம்பியவர்களுக்கு ஒரு செய்தி: குரோம் அதை 2023இல் நீக்கிவிட்டது. பூட்டு என்பது செய்தி வழியில் ஒட்டுக்கேட்கப்படாது என்பதற்கே சான்று. எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் ‘.பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. இம்முகவரியை வங்கிகளுக்கு மட்டுமே வழங்குகிறார்கள். அது முகவரியின் முதல் சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் இருந்தால் போதாது. கடவுச்சொல்லை உலாவியிலேயே சேமித்திருப்பவர்க்கு இன்னொரு துணை உண்டு. உலாவி வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டையே ஒப்பிடுகிறது. வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் அது பேசாமலிருந்தால், நீங்கள் தட்டத் தொடங்காதீர்கள். பொதுக்கணினியில் மட்டும் எதையும் சேமிக்க வேண்டா.

சாலைப் பெரியவரின் கணினியில் செய்தவை மூன்றே. கன்ட்ரோல் விசையோடு சுழியத்தை அழுத்திப் பக்கத்தை இயல்பான அளவுக்குக் கொண்டுவந்தோம். உலாவி அமைப்புகளில் எழுத்துரு என்னும் பகுதிக்குச் சென்று, எழுத்தின் குறைந்த அளவை உயர்த்தினோம். விண்டோஸ் தேடல் கட்டத்தில் கிளியர்டைப் என்று தட்டி, காட்டப்பட்ட மாதிரிகளில் அவர் கண்ணுக்கு எது தெளிவோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து, வைப்பை மேலும் ஓராண்டுக்குப் புதுப்பித்துச் சென்றார்.