பாலோவில் ஹீட்டரா? தெரியுமா உங்களுக்கு!

பாலோவில் யாராவது காசு கொடுத்து வீட்டைச் சூடாக்குவார்களா? ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில், நிலநடுக்கோட்டுக்கு இரண்டு டிகிரி வடக்கே, செம்பனைக்கு நடுவில் கிடக்கும் ஊர் அது. ரயிலை விட்டு இறங்கிய ஐந்தாவது நிமிடம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நார்வேக்காரர் உறைபனியில் வீட்டைச் சூடாக்க வைத்திருக்கும் இயந்திரம் எது தெரியுமா? பாலோவில் சித்தி வீட்டுச் சுவரில் தொங்குகிற அதே ஏர்கோன்தான்! திருப்பிப் போட்டு ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஏர்கோன் குளிரைத் தயாரிப்பதே இல்லை என்பது தெரியுமா? அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற கூலியாள் அது. வெளியில் இருக்கும் பெட்டியின் முன்னால் கையை நீட்டினால், கொட்டிய சூடு உள்ளங்கையில் அடிக்கும். நார்வேயில் அந்தக் கூலியாள் எதிர்த்திசையில் நடக்கிறான். மைனஸ் 15 டிகிரிக் காற்றிலும் சூடு மிச்சம் இருக்கிறது. அதைச் சுரண்டி வீட்டுக்குள் சேர்க்கிறான்! கம்பிச்சுருள் ஹீட்டருக்கு 1 யூனிட் மின்சாரம் கொடுத்தால் 1 யூனிட் சூடுதான் வரும். சூட்டைத் தயாரிக்காமல் சுமந்து வந்தால் அதே 1 யூனிட்டுக்கு 3 யூனிட், நல்ல இயந்திரமானால் 4 யூனிட்கூடக் கிடைக்கும். இந்த யோசனையை கெல்வின் பிரபு எழுதி வைத்தது 1852இல்! வீடுகளில் மின்விளக்கே இல்லாத காலம்.

பாலோ வீட்டிலும் அசல் ஹீட்டர் ஒன்று உண்டு. குளியலறையில்! சுவரில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி 3.6 கிலோவாட் இழுக்கும். படுக்கையறையின் 1 ஹார்ஸ்பவர் ஏர்கோனைப் போல நாலு மடங்கு! பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். அந்தியில் குளித்தால், பகலெல்லாம் வெயில் வாங்கிய கூரைத் தொட்டியின் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். அப்போதும் சிலர் சுவிட்சைத் தட்டுவது ஏனோ?

இப்போது தலை சுற்ற வைக்கும் கணக்கு ஒன்று. தமிழ்நாட்டில் 'ஒன்றரை டன் ஏசி' என்பார்கள். அந்த டன் எதன் எடை தெரியுமா? ஐஸ் கட்டியின் எடை! 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதுதான் 1 டன். அமெரிக்க வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த ஐஸைக் கப்பலில் ஏற்றிச் சென்னைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார். அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். மலேசியாவில் நாம் சொல்லும் 1 ஹார்ஸ்பவர் ஏறக்குறைய முக்கால் டன். அதாவது சித்தியின் ஏர்கோன் முழு வேகத்தில் நாள் முழுக்க ஓடினால் சுமார் 680 கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம். டியூடர் பார்த்திருந்தால் கப்பலைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்!

போன முறை போனபோது சித்தி அலுத்துக்கொண்டார்: "ராத்திரி பூரா ஓடுதுய்யா. பில்லப் பாத்தா கண்ணுல தண்ணி வருது."

"கண்ணுல மட்டுமா சித்தி, பின்னால குழாயிலயும்தான்!" என்றேன்.

வீட்டுக்குப் பின்னால், ஏர்கோன் குழாய்க்கு அடியில் ஒரு சிவப்பு வாளி. காலையில் பார்த்தால் அரை வாளி, ஐந்து லிட்டர் இருக்கும். அத்தனையும் படுக்கையறைக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர்! காற்றில் ஆவியாக இருக்கும் 1 லிட்டரைத் தண்ணீராக்க சுமார் 0.68 யூனிட் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஐந்து லிட்டருக்கு 3.4 யூனிட். அதைச் சுமக்க ஏர்கோன் வாங்கும் கூலி ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம். ஆக, பாலோ போன்ற ஈர ஊரில் பில்லின் ஒரு பங்கு குளிருக்கே இல்லை, ஈரத்தைப் பிழியத்தான்! கதவின் அடி இடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால், ஏர்கோன் பிழிந்துகொண்டே இருக்கும். சித்தி வீட்டுக் கதவுக்கு அடியில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. பழைய சாரத்தைச் சுருட்டி வைத்து அடைத்தோம்.

இதைவிடப் பெரிய திருடன் தலைக்கு மேலே இருக்கிறான். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் பாலோவுக்கு நேர் உச்சியில் நிற்கும். மேகமில்லாத அந்த வேளையில் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1 கிலோவாட். 100 சதுர மீட்டர் சிங்குக் கூரைக்கு 100 கிலோவாட்! 1 ஹார்ஸ்பவர் ஏர்கோன் ஒன்று சுமக்கக்கூடிய சூட்டைப் போல நாற்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாமே உள்ளே இறங்குவதில்லை, ஆனால் இறங்குகிற பங்கே போதும் நம்மை வேகவைக்க. வெள்ளைப் பூச்சு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கூரைக்கு அடியில் அலுமினியத்தாள் விரிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தாள் சிங்கோடு ஒட்டியிருந்தால் பயன் போய்விடும். நடுவே காற்று இடைவெளி வேண்டும்!

மின்விசிறி அறையை அரை டிகிரிகூடக் குளிர்விக்காது, தெரியுமா? வியர்வையை உலர்த்தி நம்மைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லா அறையில் ஓடினால் தன் மோட்டார் சூட்டை அறைக்குக் கொடுக்கும், அவ்வளவே. ஆனால் ஏர்கோனை 26இல் வைத்து விசிறியையும் போட்டால் 23 மாதிரி இருக்கும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது இந்தியாவின் எரிசக்திச் சிக்கன அமைப்பு. அங்கே 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற புது ஏசிகள் 24 டிகிரியில்தான் கண்விழிக்கின்றன.

சூட்டை வீணாக்காமல் பயன்படுத்துவதில் செம்பனை ஆலைக்காரர்கள் நமக்கு அண்ணன்கள். பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து நீராவி. அந்த நீராவியில் முதலில் மின்சாரம். மிஞ்சிய அதே நீராவியில் பழக்குலையை அவிப்பது. ஒரே நெருப்பில் இரண்டு வேலை! மலேசியக் கொட்டை ஓடு கப்பலேறி ஜப்பான் மின்நிலையங்களிலும் எரிகிறது.

இன்றிரவு உங்கள் ஏர்கோன் குழாய்க்கு அடியிலும் ஒரு வாளி வையுங்கள். காலையில் அளந்து பாருங்கள். கதவிடுக்கை அடைத்துவிட்டு மறுநாளும் அளந்து பாருங்கள்!