பல்லில் படியும் கல்

கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கு நுனியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். பல் துலக்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது; ஆனாலும் பலருக்கு அங்கே சொரசொரவென்று ஏதோ தட்டுப்படும். பல்லும் ஈறும் சேருமிடத்தில் மஞ்சளாகக் கட்டிப்போயிருக்கும் அதுதான் காரை. பிரஷ்ஷால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அசையாது.

அது ஏன் குறிப்பாக அந்த இடத்தில் அதிகம் படிகிறது? நாக்குக்கு அடியிலிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் அங்கேதான் திறக்கின்றன. கன்னத்துச் சுரப்பியின் குழாய் மேல் கடைவாய்ப் பற்களுக்கு நேராகத் திறக்கிறது. காரை நிறையப் பிடிக்கும் இன்னொரு இடமும் அதுவே. நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கின்றன. இது நம் உடலுக்குக் கிடைத்த வரம். பல்லின் மேலுறையான எனாமலுக்குள் உயிரணுக்கள் இல்லை. உடைந்த எலும்பு கூடுவதுபோல் அது தானாக வளராது. நாம் தின்ற சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கி, பல்லைச் சுற்றிய பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து தாது கரைகிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, போன தாதுவைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் நம் வாய்க்குள் நமக்குத் தெரியாமலே இந்தப் பழுதுபார்ப்பு நடக்கிறது. அதே தாது பல்லின்மேல் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்திலும் இறங்குகிறது. உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிவதைப்போல, அந்தப் படலத்தையும் கல்லாக்கிவிடுகிறது. பல்லைக் காக்கிற நீரேதான் காரையையும் வளர்க்கிறது.

அந்தப் படலம் உருவாகும் விதம் வியப்பானது. துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத உறையாகப் படிகின்றன. அதில் முதலில் வந்து ஒட்டுபவை பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தவை. அடுத்து வரும் ஃபியூசோபாக்டீரியம் என்ற நீளமான கிருமி, முன்னால் வந்தவற்றையும் பின்னால் வருபவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. படலம் தடிக்கத் தடிக்க அடியில் காற்று குறைகிறது. ஆக்சிஜனைத் தாங்காத கிருமிகள் அங்கே குடியேறுகின்றன. 1683-இல் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹுக் தம் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் பொருளைத் தண்ணீரில் கலந்து, தாமே செய்த லென்ஸில் பார்த்தார். அவர் உப்பு போட்டுப் பல் தேய்க்கும் வழக்கமுள்ளவர். அப்படியிருந்தும் அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

இந்தக் கிருமிகளுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு ஐயமில்லாமல் நிறுவப்பட அதற்குப்பின் ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. நார்வேக்காரரான ஹரால்ட் லோ, டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலோர் முதலாண்டு மாணவர்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆயிற்று. 1965-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னதில் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கிருமிப் படலத்தை அகற்றிவிட்டால் ஈறு தானே ஆறிவிடும்.

அகற்றாமல் பல ஆண்டுகள் விட்டால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள லோவின் குழு 1970-இல் இலங்கைக்கு வந்தது. டன்சினன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் 14 முதல் 31 வயது வரையிலான 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தது. மலையகத் தமிழர்கள். பிரஷ் பிடித்துப் பழகாதவர்கள். பல் மருத்துவம் அவர்களுக்கு எட்டியதே இல்லை. சொத்தைப் பல் அவர்களிடம் அநேகமாக இல்லை. காரையும் வீங்கிய ஈறும் மட்டும் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தன. 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் அவர்கள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள். சுமார் 8 சதவீதத்தினருக்கு ஈறும் எலும்பும் வேகமாகக் கரைந்தன. 40 வயதுக்குள் 20 பற்கள் போலப் போய்விட்டன. 81 சதவீதத்தினருக்கு அழிவு மெதுவாக நடந்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு வாய் நிறைய அழுக்கும் காரையும் இருந்தும் ஈறு வீங்கியதோடு சரி, பல்லின் பிடிமானம் கெடவில்லை.

இன்று உலகின் எந்த மூலையில் ஈறு நோயைப் பற்றிப் படிக்கும் மாணவரும் இந்த எண்களைப் படிக்கிறார். கொழுந்து பறித்தும் கவாத்து வெட்டியும் வாழ்ந்த நம்மவர்கள் மருத்துவத்துக்குத் தந்த கொடை இது. அவர்கள் விரும்பிக் கொடுத்ததல்ல. கவனிப்பாரில்லாத வாய்களிலிருந்து கிடைத்த அறிவு. அதை நன்றியோடு நினைக்கத்தான் வேண்டும்.

ஒரே மாதிரி அழுக்கு, மூன்று விதமான முடிவு. காரணம், எலும்பைக் கரைப்பதில் கிருமியைவிட நம் உடலின் எதிர்ப்புக்கே பங்கு அதிகம். காரை தன்னளவில் உயிரற்ற கல்தான். ஆனால் அதன் சொரசொரப்பில் புதிய படலம் எப்போதும் தங்கியிருக்கும். அதை விரட்ட வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. ஓயாத அந்தச் சண்டையில் பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நார்களும் எலும்பும் சேர்ந்தே அழிகின்றன. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் அழிவை வேகப்படுத்துகின்றன. வலி பெரும்பாலும் இருக்காது. துலக்கும்போது துப்பலில் தெரியும் ரத்தம்தான் பெரும்பாலும் முதல் அடையாளம். அதையும் பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

‘கிளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும்’ என்ற பயம் நம் ஊரில் இன்னும் ஆழமாக இருக்கிறது. பல்லைச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் கருவியின் உலோக நுனி விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைக்கிறது. கூடவே பீச்சும் தண்ணீர் சூட்டைத் தணித்துத் துணுக்குகளைக் கழுவிவிடுகிறது. முடிந்ததும் பல்லுக்கு நடுவில் சந்து தெரியும், பச்சைத் தண்ணீர் பட்டால் கூசும்; பயம் வருவது இதனால்தான். அந்தச் சந்து முன்பே உண்டானது. காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. ஈறு வீக்கம் வற்றுவதால் பல் நீண்டதுபோலவும் தெரியும். கூச்சம் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும்.

தொடர்ந்து கவனித்தால் எவ்வளவு தூரம் காப்பாற்றலாம் என்பதற்கு ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரம் சாட்சி. பல் மருத்துவ ஆய்வாளர்களான ஆக்செல்சனும் லிண்டேயும் 1972-இல் அங்கே ஆரம்பித்த ஆய்வில், சேர்ந்தவர்களை முதலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்துச் சுத்தம் செய்தார்கள். பிற்பாடு அவரவர் தேவைப்படி இடைவெளியை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் சரியாகத் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து, வயதுப் பிரிவைப் பொறுத்து ஆளுக்குச் சராசரியாக 0.4 முதல் 1.8 பற்கள்தான் போயிருந்தன.

அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்ல முடியாது. கடுமையான ஈறு நோய் இல்லாத பெரியவர்களைப் பிரிட்டனில் இரண்டு மூன்று ஆண்டுகள் பார்த்ததில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துகொண்டவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஈறு வீக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு மூன்று மாத இடைவெளியே அதிகம், சிலருக்கு ஓராண்டுக்கு ஒருமுறை போதும். எப்படித் தெரிந்துகொள்வது? மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தை டாக்டர் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஆழமானால் பிரஷ் அங்கே எட்டாது. ஸ்கேலிங் கருவியை வாயில் வைக்குமுன் இந்த அளவைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

2010-இல் ஆய்வாளர்கள் மறுபடியும் இலங்கையின் அதே தோட்டத் தொழிலாளர்களைத் தேடிப் போனார்கள். 480 பேரில் 75 பேரைப் பார்த்துச் சோதிக்க முடிந்தது. 30 வயதில் பல்லின் பிடிமான இழப்பு சராசரி 2 மில்லிமீட்டரை எட்டாமல் இருந்தவர்களுக்கு, 60 வயதிலும் 20 பற்களாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம் என்று 40 ஆண்டுக் கணக்கு காட்டியது. முப்பதைத் தொடும் வயதில் யாரும் ஈறைப் பற்றி யோசிப்பதில்லை. அளந்து பார்க்க வேண்டிய வயதோ அதுதான்.