செத்துப் போகல பாஸ்... மூச்சு முட்டியிருக்கு!

சாயங்காலம் ஆறு மணி. தாம்பரம் ஸ்டேஷன்ல எலெக்ட்ரிக் ட்ரெயினை விட்டு இறங்குறீங்க. செம பசி. வெளியே வந்ததும் சூடா ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்குறீங்க. கடலை தீர்ந்ததும் பழக்க தோஷத்துல பேப்பரைப் பிரிச்சுப் பார்த்தா... யாரோ ஒருத்தரோட பேங்க் ஸ்டேட்மென்ட்! பேர், அட்ரஸ், அக்கவுண்ட் நம்பர், எந்த ஏ.டி.எம்.ல எவ்வளவு எடுத்தார்... எல்லாம் பளிச்! 'யாரு சாமி இந்த அப்பாவி?'ன்னு சிரிப்பு வரும்.

சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க வீட்டுல கடைசியா எடைக்குப் போட்ட கட்டுல என்னென்ன இருந்துச்சு? ஸ்காலர்ஷிப்புக்காக எடுத்து மிச்சமான ஆதார் ஜெராக்ஸ், அப்பாவோட பான் கார்டு காப்பி, அம்மா தப்பா எழுதிட்டு ஒதுக்கி வெச்ச பேங்க் ஃபார்ம்... அடுத்த பொட்டலம் உங்க பேர்லயே இருக்கலாம்!

"அதெல்லாம் இல்ல பாஸ், எங்க வீட்ல பேப்பர் ஷ்ரெட்டரே இருக்கு!"

சூப்பர். எங்கே இருக்கு?

"பரண்ல. ரிப்பேர்."

அதானே பார்த்தேன்! வீட்டிலேயே அப்பா டாக்ஸ் ஃபைலிங் பார்க்கிற குரோம்பேட்டை வீடாகட்டும், அக்கா லேப்டாப்பும் கையுமா இருக்கிற சேலையூர் ஃப்ளாட்டாகட்டும், கதை ஒண்ணுதான். ஆசையா வாங்கின ஷ்ரெட்டர் ஒரு நாள் மக்கர் பண்ணும். 'போச்சு, அவ்வளவுதான்'னு மூலையில போட்டுடுவாங்க. ஆனா, அப்படி ஓரங்கட்டப்பட்ட மெஷின் பலதுக்கு உயிர் இருக்கு. மூச்சுதான் முட்டியிருக்கு. வெளியில இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா உள்ளே போனா, முக்கால்வாசி கோளாறுக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படாது. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பார்த்துடலாம்!

முதல் விதி: ப்ளக்கைப் பிடுங்கு!

சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. ப்ளக்கையே வெளியே எடுத்துடுங்க. பேப்பரை இழுக்கிற பல்லுக்கு விரல் எது, பேப்பர் எதுன்னு வித்தியாசம் தெரியாது. மெஷின் ஓடும்போது இன்னும் உஷார். குனிஞ்சு பார்க்கும்போது கழுத்துல தொங்குற காலேஜ் ஐ.டி. கார்டு கயிறு, துப்பட்டா, பின்னல், சட்டை நுனி... எதுவும் வாய்ப் பக்கம் போகக் கூடாது. கயிற்றைக் கழட்டி வெச்சுட்டு உட்காருங்க. வீட்ல குட்டிப் பசங்க இருந்தா அவங்களை வேற ரூமுக்குத் துரத்திடுங்க.

காது கொடுத்துக் கேளுங்க

டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற மாதிரி, முதல்ல சத்தத்தைக் கேளுங்க. ஷ்ரெட்டர் மூணே மூணு விதமாத்தான் அழும்.

ஒண்ணு: சத்தமே இல்லை. கரன்ட், சுவிட்ச், சூடு இந்த மூணுல ஏதோ ஒண்ணு.

ரெண்டு: 'ம்ம்ம்ம்'னு முனகுது, பல் சுத்தல. உள்ளே பேப்பர் சிக்கியிருக்கு. உடனே நிறுத்துங்க. சுத்த முடியாம நிற்கிற மோட்டார்ல கரன்ட் எகிறும், காயில் கருகிடும்.

மூணு: 'விர்ர்ர்'னு ஜாலியா ஓடுது, ஆனா பேப்பர் நகரல. பல்சக்கரம் போயிருக்கு. இதுதான் கொஞ்சம் சீரியஸ் கேஸ்.

சத்தமே இல்லையா?

முதல்ல அந்த ப்ளக் பாயின்ட்ல உங்க செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்க. சிரிக்காதீங்க! குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸா இருக்கிற கேஸ் ஏராளம்.

அடுத்து, தலைப் பகுதியைக் கழட்டிக் கூடை மேல சரியா உட்கார வையுங்க. கூடை சரியா இல்லைன்னா மெஷின் ஓடவே கூடாதுன்னு அடியில ஒரு சின்ன சேஃப்டி சுவிட்ச் வெச்சிருப்பாங்க. கூடையில இருக்கிற ஒரு நீட்டல் அதை அழுத்தினாத்தான் கரன்ட் போகும். குப்பையைக் கொட்டிட்டுத் தலையை லேசா கோணலா வெச்சாலே மெஷின் மௌன விரதம்தான். அந்த நீட்டல் உடைஞ்சு போயிருக்கான்னும் பாருங்க. ஆனா, 'பேப்பரை மடிச்சு சுவிட்ச்சுல செருகிடலாம்'னு மட்டும் கில்லாடித்தனம் பண்ணாதீங்க. அது விரலைக் காப்பாத்துற சுவிட்ச்.

ஒரு முக்கியமான கேள்வி: இது அமெரிக்காவுல இருக்கிற அண்ணன் சூட்கேஸ்ல வந்த மெஷினா? அங்கே வீட்டு கரன்ட் 120 வோல்ட். நம்ம ஊர்ல 230. அடாப்டர் பின்னை மட்டும் மாத்திச் சொருகினா, மெஷின் ஓடின சில நொடியிலேயே புகைஞ்சிருக்கும். கருகின வாசனை வந்தா மேற்கொண்டு சோதனை வேண்டாம்.

ஜெர்மனியை ஏமாத்தின சூடு

வீட்டு ஷ்ரெட்டர் மாரத்தான் ஓடப் பிறந்தது இல்லை. நூறு மீட்டர் ஓடும், உட்காரும். பல சின்ன மாடல்கள் ரெண்டு மூணு நிமிஷம் ஓடினா அரை மணி நேரம் ஓய்வு கேட்கும். மெஷின் மேலேயோ மேனுவல்லயோ இது போட்டிருக்கும். நாம பத்து வருஷக் குப்பையை ஒரே மூச்சுல திணிப்போம். மோட்டார் சூடாகும். உள்ளே இருக்கிற தெர்மல் கட்-அவுட் கரன்ட்டைத் துண்டிச்சிடும். சில மாடல்கள்ல சிவப்பு விளக்கு எரியும். அது ரிப்பேர் இல்லை, தற்காப்பு! ஒரு மணி நேரம் விட்டுட்டுப் பாருங்க. கத்திரி வெயில்ல, ஃபேன் கூட அனல் கக்குற மாடி ரூம்னா இன்னும் கொஞ்சம் கூடுதலா.

இந்தச் சூடு சரித்திரத்தையே மாத்தியிருக்கு தெரியுமா? 1989-ல் கிழக்கு ஜெர்மனி ஆட்டம் கண்டப்போ, அந்நாட்டு ரகசிய போலீஸ் 'ஸ்டாசி' தன் ஃபைல்களை அவசர அவசரமா அழிக்க ஆரம்பிச்சது. ராப்பகலா ஓட்டினதுல ஷ்ரெட்டர்கள் திணறிப் படுத்துடுச்சு. வேற வழியில்லாம கையாலேயே கிழிச்சு மூட்டை கட்டினாங்க. 1990 ஜனவரி 15-ல் பெர்லின் தலைமை அலுவலகத்துக்குள்ள மக்கள் புகுந்தாங்க. மிஞ்சின கிழிசல் மூட்டைகள் சுமார் 16,000! அதுல சில நூறு மூட்டைகளைப் பின்னாடி பொறுமையா ஒட்டிப் படிச்சிட்டாங்க. ஊரையே உளவு பார்த்த போலீஸாலேயே மோட்டாரோட பொறுமையை ஜெயிக்க முடியல. நாம எம்மாத்திரம்!

தானா ஓடுதா? நிக்கவே மாட்டேங்குதா?

பேய் இல்லை, தூசி! பேப்பர் போகிற வாயோட நடுவுல, பல மாடல்கள்ல ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி விடுற குட்டி விளக்கு, எதிர்ப் பக்கம் அதைப் பார்க்கிற கண் இருக்கும். பேப்பர் வந்து ஒளியை மறைச்சா மோட்டார் ஓடும். அங்கே பேப்பர்த் தூள் அடைஞ்சா, 'பேப்பர் வந்திருக்கு'ன்னு நினைச்சு ஓடிக்கிட்டே இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிட்டு, காது குடையிற பட்ஸ் இல்லேன்னா காய்ஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால துடைங்க. அவ்வளவுதான்.

பஸ் டிக்கெட் சைஸ் பேப்பரை ஓரமா விட்டா மெஷின் கண்டுக்கவே கண்டுக்காது. அதுவும் இதே கதைதான். கண் நடுவுலதானே இருக்கு? நடுவுல விடுங்க.

சிக்கல் எடுக்கிற கலை

ரிவர்ஸ் பட்டன் எதுக்கு இருக்கு? ரெண்டு நொடி ரிவர்ஸ், ரெண்டு நொடி ஃபார்வேர்ட். சேத்துல மாட்டின பைக்கை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிற மாதிரிதான். மூணு நாலு தடவையில வரலைன்னா ப்ளக்கைப் பிடுங்கிட்டுத் தலையைக் கவிழ்த்து வையுங்க. அடியில தொங்குற துணுக்குகளை நீள மூக்குக் குறடு இல்லேன்னா ட்வீசரால ஒவ்வொண்ணா இழுங்க. விரலால வேண்டவே வேண்டாம்.

சிக்கினது எதனாலன்னும் யோசிங்க. 'ஒரே தடவைக்கு 5 ஷீட்'னு போட்டிருந்தா மூணோட நிறுத்துறது புத்திசாலித்தனம். ஸ்டிக்கர், செல்லோ டேப், லேமினேஷன், பாலிதீன் கவர் எல்லாம் பல்லுல பசை மாதிரி அப்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துல பேப்பரே ஈரத்தை உறிஞ்சி நமத்துப் போயிருக்கும். அதை விட்டா வெட்டாது, மெல்லும். கொஞ்சம் உலர்த்திட்டு விடுங்க.

முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணியில மூழ்கின எந்த மெஷினையும் 'காய்ஞ்சிடுச்சே'ன்னு அப்படியே சொருகாதீங்க. மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான் ப்ளக்.

எண்ணெய் தேய்ச்சுக் குளியல்!

சனிக்கிழமை நமக்கு நல்லெண்ணெய்க் குளியல் மாதிரி ஷ்ரெட்டர் பல்லுக்கும் எண்ணெய் வேணும். காய்ஞ்ச பல் திணறும், மோட்டார் சூடாகும். கூடையைக் காலி பண்ற ஒவ்வொரு தடவையும் இதைச் செஞ்சா போதும்: ஒரு ஏ4 பேப்பர்ல ஷ்ரெட்டர் ஆயிலைக் கோலம் போடுற மாதிரி வளைச்சு வளைச்சு ஊத்தி, அதை அப்படியே உள்ளே விடுங்க. அப்புறம் பத்து நொடி ரிவர்ஸ். வேலை முடிஞ்சது.

ஷ்ரெட்டர் ஆயில் கைவசம் இல்லையா? அதுவே பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். அவசரத்துக்குச் சமையல்கட்டு ரீஃபைண்ட் ஆயில் சில சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழி காலையில அதுவே உறைஞ்சு நிற்கும். கேன்ல வர்ற ஸ்ப்ரே ஆயில் கூடவே கூடாது. அதுல இருக்கிற வாயு தீப்பிடிக்கும். மோட்டார்ல ஒரு பொறி பறந்தா போதும்... டமால்!

திறக்கலாமா?

இவ்வளவுக்கும் மசியலைன்னா, வாரன்டி இருக்கான்னு பாருங்க. இருந்தா ஸ்க்ரூவைத் தொடாதீங்க. முடிஞ்சிருந்தா, ப்ளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க. கரன்ட்டைச் சேமிச்சு வெச்சிருக்கிற கெபாசிட்டர் ப்ளக்கைப் பிடுங்கினப்புறமும் ஷாக் அடிக்கலாம். அதனால சர்க்யூட் போர்டுல வெறும் கை வைக்காதீங்க.

மல்டிமீட்டர் இருந்தா, கரன்ட் இல்லாம பார்க்கிற 'கன்டினியூட்டி'ல மூணே இடம் பாருங்க: ப்ளக் வயர், ஃப்யூஸ், சேஃப்டி சுவிட்ச். 'பீப்' வராத இடம்தான் ஆள். பல்சக்கரம் நைலான்ல இருந்து பல் உதிர்ந்திருந்தா, ஒட்டுறது வேலைக்கு ஆகாது. இழுக்கிற வேகத்துல மறுபடி பிச்சுக்கும். அதே மாடல் பழைய மெஷின்ல இருந்து எடுத்து மாத்தணும்.

எங்கே தேடுறது? நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு பொக்கிஷம் இருக்கே... பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை! பழைய எலெக்ட்ரானிக்ஸ் குவியல்ல அதே மாடல் சிக்கினா அதிர்ஷ்டம்தான். ஃப்யூஸ், சுவிட்ச், மல்டிமீட்டர் மாதிரி ஐட்டங்களுக்கு பீச் ட்ரெயின்ல ஏறி எழும்பூர்ல இறங்கினா, ரிச்சி ஸ்ட்ரீட் ஒரு ஆட்டோ தூரம். பழைய பாகத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. வாயால விளக்கறதைவிட காட்டுறது சுலபம்.

கம்பெனி உதிரி பாகம் தருதா, ரிப்பேருக்கு எங்கே போகணும்னு தெரிஞ்சுக்க, மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல் தொடங்கியிருக்கு. உங்க பிராண்ட் இருக்கான்னு ஒரு க்ளிக் பண்ணிப் பாருங்க. மோட்டாரே கருகிடுச்சா? சரி, விடை கொடுங்க. ஆனா குப்பைத் தொட்டியில இல்லை. இ-வேஸ்ட் சேகரிக்கிற அங்கீகாரம் பெற்ற இடத்துல கொடுங்க.

'கையாலேயே கிழிச்சுட்டா போதாதா?'

போதாது பாஸ். 1979-ல் டெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடிச்சது யாரு தெரியுமா? காலேஜ் மாணவர்கள்! தூதரக ஆட்கள் ஷ்ரெட்டர்ல விட்டு நீள நீள நாடாவா வெட்டிப் போட்ட ரகசியப் பேப்பர்களை, கம்பளம் நெய்யிறவங்களோட பொறுமையைத் துணைக்கு வெச்சு ஒட்டி, புத்தகமாவே போட்டுட்டாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. 6 மில்லிமீட்டர் நாடாவா வெட்டுற மெஷின்ல ஒரு ஏ4 பேப்பர் 35 துண்டாகும். 4-க்கு 40 மில்லிமீட்டர் சைஸ்ல குறுக்கும் நெடுக்கும் வெட்டுற 'கிராஸ் கட்'ல கிட்டத்தட்ட 390 துண்டு! புதுசா வாங்கினாலும், பழசைத் தேத்தினாலும் கிராஸ் கட்டே பெஸ்ட்.

அதைவிட பெஸ்ட் ஒண்ணு இருக்கு. கேட்கிற இடத்துல ஏத்துக்கிட்டா, கடைசி நாலு எண் மட்டும் தெரியுற 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்க. ஆதார் வெப்சைட்லயே டவுன்லோடு பண்ணிக்கலாம். கொடுக்காத நம்பரை யாரும் திருட முடியாதுல்ல?

சரி, பரண்ல இருந்து மெஷினை இறக்கியாச்சா? ப்ளக்கைப் பிடுங்கியாச்சா? கழுத்துல இருக்கிற ஐ.டி. கார்டு? ரைட், ஆரம்பிங்க. அடுத்த தடவை ஸ்டேஷன் வாசல்ல கடலை வாங்கிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, உள்ளே இருக்கிற பேர் உங்க அப்பாவோடதா இருக்காது. அந்த நிம்மதியோட நாலு கடலை எனக்கும் சேர்த்துச் சாப்பிடுங்க!