மென்பொருளைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

அழகான சார்ட் போட எந்த மென்பொருள் நல்லது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் டெம்ப்ளேட்டுகளை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு சார்ட்டின் அழகு அங்கே இல்லை என்பது என் கருத்து. எதை எதனோடு ஒப்பிடப் போகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு எந்த மென்பொருள் வளைந்து கொடுக்கிறதோ அதுவே நமக்கானது. வில்லியம் பிளேஃபேர் 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கைக் கோடுகளாக வெளியிட்டபோது, ஒவ்வொரு கோட்டையும் செப்புத் தகட்டில் செதுக்க வேண்டியிருந்தது. யோசிக்காமல் ஒரு கோடுகூட அதில் விழுந்திருக்காது. இன்று நாம் யோசிப்பதற்குள் மென்பொருளே நிறத்தையும் வடிவத்தையும் போட்டு நீட்டிவிடுகிறது.

தமிழ்நாட்டின் மாதவாரி மழைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. இந்த மாதக் கணக்கை வட்டமாகப் போட்டால் பன்னிரண்டு துண்டு, பன்னிரண்டு நிறம், ஓரத்தில் நிற விளக்கம். கண் வட்டத்துக்கும் விளக்கத்துக்கும் அலைந்தே களைத்துவிடும். முப்பரிமாணமாகச் சாய்த்தாலோ முன்னால் இருக்கும் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதே எண்களைப் பன்னிரண்டு பட்டைகளாக நிறுத்தி, ஒன்பதைச் சாம்பல் நிறமாக்கி, கடைசி மூன்றுக்கு மட்டும் அடர்நீலம் கொடுத்துப் பாருங்கள். சேதி ஒரே பார்வையில் வந்துவிடும். கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் நிற்கும் உயரத்தைக் கண் துல்லியமாக எடைபோடும் என்று ஆய்வாளர்கள் கிளீவ்லாந்தும் மெக்கிலும் 1984இலேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். இந்தப் பட்டைப் படத்துக்கு எக்செல் போதும். இலவசமான லிப்ரெஆபீஸ் கால்க்கும் போதும்.

கவர்ச்சி இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரிமியப் போரில் வீரர்கள் செத்தது காயத்தைவிட நோயால்தான் என்று காட்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் வெளியிட்ட, இதழ்போல விரியும் படம் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அதிலுள்ள நீல இதழ்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. தடுத்திருக்கக்கூடிய நோய்ச்சாவுகளின் அளவே அந்த நீலம். இப்படி டெம்ப்ளேட்டில் கிடைக்காத வடிவம் தேவைப்பட்டால்தான் ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2, 2011இல் வந்த டி3 போன்ற நிரல் நூலகங்களுக்குப் போக வேண்டும். நிரல் எழுதத் தெரியாதே என்றால், டேட்டாராப்பர் போன்ற இணையக் கருவிகளில் அட்டவணையை ஒட்டினாலே நேர்த்தியான சார்ட் கிடைக்கிறது. நிரல் கற்பதற்கும் பலன் உண்டு: மாதாமாதம் எண் மாறினால் படத்தை முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை, அதே நிரலை மறுபடி ஓட்டினால் போதும்.

தமிழில் சார்ட் போடுகிறவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் நூலகம் நெடுங்காலமாகத் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காமல், ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவந்தது. டி3இல் எழுத்தை உலாவியே கோப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. எனவே பணம் கட்டுவதற்கு முன், ‘செப்டம்பர்’ என்று ஒரு தலைப்பைத் தட்டச்சு செய்து, படமாகச் சேமித்துத் திறந்து பாருங்கள். கொம்பு இடம் மாறியிருந்தால் அந்த மென்பொருள் உங்களுக்கு வேண்டாம்.