ஊரும் உலாவும் – 14: பிள்ளைகளோடு மலைக்கோட்டைக் கடைவீதி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாரின் பெரிய கடைவீதி திருச்சி மலைக்கோட்டையின் அடியில் இருக்கிறது. கல்யாண ஜவுளி, தீபாவளித் துணி, காதுகுத்துக்குத் தோடு, பள்ளி திறக்கும்போது பையும் செருப்பும் என்று இந்த இரண்டு மாவட்டத்து மக்கள் பஸ் ஏறுவது என்.எஸ்.பி. ரோட்டுக்கும் பெரிய கடைவீதிக்கும்தான். இரண்டு மாவட்டங்களுமே ஒரு காலத்தில் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்து, 2002இல் மறுபடி சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனியானது. ஆட்சியர் அலுவலகம் இடம் மாறினாலும் ஜவுளி எடுக்கப் போகும் ஊர் மாறவில்லை.

இந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்கென்று எதுவும் இருப்பதில்லை. சட்டை அளவு பார்க்க வேண்டும், வீட்டில் விட்டுவர ஆளில்லை என்ற இரண்டு காரணங்களுக்காகவே பெரும்பாலும் அழைத்துப் போகப்படுகிறார்கள். நாலு மாடி ஏறி இறங்கி, புடவைக் குவியலுக்குப் பக்கத்தில் தூங்கி விழுந்து, அழுது, அடி வாங்கி ஊர் திரும்புகிறார்கள். அதே கடைவீதி நானூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு நிற்கும் இடம். தராசு, முத்திரை, பேரம், கணக்கு என்று பள்ளிப் புத்தகத்தில் படிப்பதெல்லாம் நடப்பாகத் தெரியும் இடம். வாங்க வேண்டிய பட்டியலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தைப் பிள்ளைக்கு ஒதுக்கினால் போதும், அந்த நாளின் நிறமே வேறு.

இந்தக் கடைவீதிப் பழக்கம் சொந்த ஊரிலிருந்து தொடங்குவது நல்லது. பெரம்பலூரில் கடைவீதியும் போஸ்ட் ஆபீஸ் தெருவும், அரியலூரில் சின்னக்கடைத் தெருவும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போதுமான கூட்டம் உள்ளவை. அதைவிடச் சிறந்த இடம் பெரம்பலூர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தில், மதுரையில் தொடங்கப்பட்ட திட்டம் உழவர் சந்தை. அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். பலகையில் அதன் விலையைப் படிக்கச் சொல்லி, அரைக் கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லி, காசைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து வாங்கச் சொல்லலாம். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிவரும் பிள்ளையின் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிடும்.

ஜப்பானில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் செய்வதைப் பெரிதாகவே போற்றுகிறார்கள். முதன்முதலாகத் தனியே கடைக்குப் போகும் சிறுமியைப் பற்றி 1977இல் அங்கே ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது. அதே பெயரில் 1991 முதல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியும் நடந்து வருகிறது. அந்த நிகழ்ச்சியில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள்கூட மீன் வாங்கவும் காய் வாங்கவும் தனியே அனுப்பப்படுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆனால் போகும் வழியை முன்கூட்டியே ஆட்கள் நடந்து பார்த்திருப்பார்கள். படக்குழுவினர் மாறுவேடத்தில் பின்தொடர்வார்கள். அக்கம்பக்கத்தாருக்கும் தகவல் போயிருக்கும். பெரம்பலூரிலோ அரியலூரிலோ, சிமென்ட் லாரியும் இருசக்கர வாகனமும் முட்டி மோதும் தெருவில், அதை அப்படியே செய்துபார்க்க முடியாது. பெரியவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, கடைக்காரரிடம் பேசும் வேலையை மட்டும் பிள்ளையிடம் விடுவது இங்கே ஒத்துவரும்.

திருச்சிக்குப் போகும் வழி இரண்டு ஊருக்கும் வேறு வேறு. பெரம்பலூர் நகரத்துக்கு ரயில் கிடையாது. சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் சிறுவாச்சூர், பாடாலூர், சமயபுரம் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பஸ்ஸில்தான் போக வேண்டும். அரியலூர்க்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் 1920களின் இறுதியில் போடப்பட்டது. பிள்ளைகளோடு போக ரயிலே மேல். எழுந்து நிற்கலாம், கழிப்பறை உண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கவும் நிறைய இருக்கிறது. கல்லக்குடி நிலையத்தைக் கடக்கும்போது, டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலையில் மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தது இங்கேதான் என்று சொல்லலாம். லால்குடி தாண்டியதும் கொள்ளிடம், ஸ்ரீரங்கம் தாண்டியதும் காவிரி. இரண்டு பாலத்திலும் ரயிலின் சத்தம் மாறுவதைப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் கவனித்துவிடுவார்கள். திருச்சி டவுன் ஸ்டேஷனில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறினால், ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வரும் அலைச்சல் மிச்சம்.

டிக்கெட் விஷயத்தில் பலருக்கும் இன்னும் குழப்பம் இருக்கிறது. ரயிலில் ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயது நிறையாதவர்கள் வரை, முன்பதிவில்லாப் பெட்டியில் அரை டிக்கெட். அரசு பஸ்ஸில் முன்பு மூன்று வயது வரைதான் இலவசம். 2022இல் அதை ஐந்து வயதாக உயர்த்தி அறிவித்தார் அன்றைய போக்குவரத்துத் துறை அமைச்சர் சா.சி. சிவசங்கர், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் தொகுதியிலிருந்து தேர்வானவர். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் டவுன் ஸ்டேஷனில் இறங்கினாலும் கடைவீதிக்கு நடக்கும் தூரம்தான். மேற்கிலிருந்து நுழைவது பிள்ளைகளுக்கு ஏற்றது, ஏனென்றால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மெயின்கார்டு கேட் என்று ஊரே சொல்லும் அந்தக் கல் வாசல், பழைய திருச்சிக் கோட்டையில் மிஞ்சியிருக்கும் மேற்கு வாசல். கோட்டை மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. அகழி இருந்த இடத்தில்தான் இன்றைய மேற்கு புலிவார்டு ரோடு ஓடுகிறது. எதிரிப் படையைத் தடுக்க வெட்டிய பள்ளத்தின் மேல் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் போகின்றன என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை தரையைக் குனிந்து பார்க்காமல் நகராது.

வாசலைத் தாண்டினால் தெப்பக்குளம். அதன் மேற்குப் பக்கம், இப்போது செயின்ட் ஜோசப் கல்லூரியைச் சேர்ந்த பழைய கட்டடம் ஒன்றில்தான் ராபர்ட் கிளைவ் தங்கியிருந்தார் என்பது ஊர் வழக்கு. 1750களில் இந்தக் கோட்டையைச் சுற்றித்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நவாபுகளின் பெயரில் அடித்துக்கொண்டார்கள். அதே வட்டாரத்தில் மைக்கேல் ஐஸ்கிரீம் கடையும் இருக்கிறது, மூன்று தலைமுறைத் திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த கடை. ஐஸ்கிரீமைக் கடைசியில் வாங்கித் தருவதாகச் சொல்லி நாள் முழுக்க மிரட்டுவதைவிட, நடுவில் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பது பலன் தரும். இரண்டாவது பாதி நடக்கப் பிள்ளைக்குத் தெம்பு வேண்டும்.

குளத்தின் கரையிலிருந்து கிளம்புகிறது என்.எஸ்.பி. ரோடு, அதாவது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ரோடு. சாரதாஸ் போன்ற பெரிய ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் ஒருபுறம். அவற்றின் வாசலிலேயே தரைக்கடைகள். ரப்பர் பேண்டு, கிளிப், பொம்மை, பிளாஸ்டிக் கூடை, நைட்டி, கர்ச்சீப். பெரிய கடைக்குள் ஒட்டிய விலைதான், தரைக்கடையில் பேரம். ஒரே தெருவில் இரண்டு வகை வியாபாரத்தையும் பிள்ளை பார்த்துவிடுகிறது. சட்டை எடுக்கும் இடத்தில் காலர் உள்பக்கம் தைத்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லலாம். 24, 26, 28 என்று இரண்டிரண்டாக ஏறும். போன தீபாவளிக்கு எது, இப்போது எது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளைக்குத் தான் வளர்ந்த அளவு எண்ணாகவே கையில் கிடைக்கிறது. “வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுங்கக்கா” என்று கடைப்பையன் சொல்வதன் கணக்கும் அப்போது புரியும்.

நகைக்கடையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது தராசு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுத் தராசு மில்லிகிராம் வரை காட்டும். கதவைத் திறந்து வைத்தால் மின்விசிறிக் காற்றிலேயே எண் ஆடும், மூடினால் நிற்கும். காற்றுக்கும் விசை உண்டு என்று பள்ளியில் படிப்பது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. அடுத்து முத்திரை. மோதிரத்தின் உள்பக்கம் முக்கோண வடிவ பி.ஐ.எஸ். அடையாளம், 22 கேரட்டுக்கு 916 என்ற எண், பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட தனி அடையாளம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு குறி இல்லாமல் முத்திரை நகை விற்கக் கூடாது. பூதக்கண்ணாடி கேட்டால் கடையில் தருவார்கள். அதைப் பிடித்து முத்திரையைத் தேடிப் படிக்கும் வேலையை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால், அம்மா நகை பார்க்கும் நேரம் முழுக்க அது அசையாமல் இருக்கும். வீட்டுக்கும் அந்தச் சரிபார்ப்பு தேவை.

கடைவீதிக்கு மேலே மலை. சின்னக் கடைவீதிப் பக்கம் மாணிக்க விநாயகர் சன்னதியில் தொடங்கி உச்சிப்பிள்ளையார் கோயில் வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். உயரம் 83 மீட்டர். வழியில் தாயுமானவர் சன்னதி. பிரசவ வலியில் தவித்த பெண்ணுக்கு அவள் தாயின் உருவில் வந்து உதவிய சிவன் என்பது தலபுராணம். பிறந்த பிள்ளைக்காக வாழைத்தார் நேர்ந்துகொண்ட குடும்பங்கள் அதே பிள்ளையோடு வந்து நேர்த்திக்கடன் செலுத்துவதைப் பார்க்கலாம். அதற்கு மேலே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த லலிதாங்குர பல்லவேசுவரக் குகைக் கோயில். துணிமணி வாங்கிய பிறகு பையோடு ஏறக் கூடாது. காலையில் வந்ததும் முதல் வேலையாக ஏறிவிட்டால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். உச்சியிலிருந்து காவிரி, கொள்ளிடம், ஸ்ரீரங்கம் கோபுரம், காலடியில் கடைவீதி எல்லாம் ஒரே பார்வையில் விழும். பிறகு தெருவில் நடக்கும்போது எந்தப் பக்கம் எது என்று பிள்ளையே வழி சொல்லும்.

பிள்ளை காணாமல் போவதுதான் எல்லாப் பெற்றோருக்கும் உள்ள பயம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் என்.எஸ்.பி. ரோட்டில் வாகனங்களைத் தடுத்து, கண்காணிப்புக் கோபுரமும் கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்துக் காவல்துறை நிற்கும். கோட்டை காவல் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் முதல் காவல் வீட்டிலிருந்தே வர வேண்டும். பெற்றோரின் செல்போன் எண் எழுதிய தாளைப் பிள்ளையின் பையில் வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எண்ணை மனப்பாடம் செய்விக்கலாம். கை விட்டுப்போனால் தேடிக்கொண்டு ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் கடையின் கல்லாவில் போய்ச் சொல்ல வேண்டும் என்று கிளம்புமுன் இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாலே பாதிக் கவலை தீரும். 1098 குழந்தைகள் உதவி எண், 112 அவசர உதவி எண். முக்கியமாக, அன்று பிள்ளைக்குச் செயினோ கொலுசோ போடவே கூடாது. திருவிழாக் கூட்டத்தில் நகை போட்ட குழந்தையைத்தான் திருடர்கள் முதலில் நோட்டமிடுகிறார்கள்.

கடைவீதி பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த ஊர்கள் உலகத்தில் உண்டு. டோக்கியோவின் மிட்சுகோஷி கடையில் 1930இல் குழந்தைகளுக்கென்று தனித் தட்டில், கொடி குத்திய சோற்றோடு சாப்பாடு கொடுக்கத் தொடங்கினார்கள். அதே நகரின் அசகுசாவில் மட்சுயா கடை 1931இல் மொட்டை மாடியிலேயே விளையாட்டுத் திடல் கட்டியது. 1970 ஆகஸ்ட் 2 முதல் கின்சா வீதியில் விடுமுறை நாளில் வாகனம் விடாமல் நடப்பவர்களுக்கே தெருவைக் கொடுத்துவிட்டார்கள். நம்மிடமும் தொடக்கங்கள் இருக்கின்றன. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்கு அறைகள் திறக்கப்பட்டன; 2019இல் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் வந்தது. மலைக்கோட்டை அடிவாரத்தில் மட்டும், கைக்குழந்தையோடு வரும் பெண் உட்கார இடம் தேடிப் படிக்கட்டு ஓரத்தில் ஒதுங்குகிறாள்.

பெரம்பலூர், அரியலூர்க் குடும்பங்கள் இந்தத் தெருவில் கொண்டுவந்து கொட்டும் பணம் கொஞ்சமல்ல. வரும் தீபாவளிக்கு முன், திருச்சி மாநகராட்சியும் கடைவீதி வியாபாரிகளும் சேர்ந்து என்.எஸ்.பி. ரோட்டில் சுத்தமான கழிப்பறை ஒன்றும், பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைக்க மின்விசிறி போட்ட ஓர் அறையும் திறக்க வேண்டும்.

(தொடரும்)