பாலாற்றங்கரைக் கிணறு: எந்த மாதத் தண்ணீரைச் சோதிப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றை ஒட்டி உங்களுக்கு ஒரு கிணறோ போரோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “போன மே மாசம் டெஸ்ட் பண்ணியாச்சு, உப்பு மட்டும்தான் கொஞ்சம் அதிகம்” என்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தக் காகிதம் மே மாதத்துக்கு மட்டும்தான் சாட்சி.

மாதம் மாறினால் தண்ணீர் மாறுமா?

மாறும். கோடையில் ஆற்றில் வரத்து இல்லை, வெயிலில் நீர் வற்றுகிறது, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. அடுப்பில் மறந்துவிட்ட ரசம் சுண்டிக் கரிப்பதைப் போலத்தான். அதனால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பெரும்பாலும் கோடையில் ஏறும், ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்கும்.

உலோகங்களும் அப்படித்தானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். குரோமியம், ஈயம் போன்றவற்றில் பெரும்பகுதி களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு சேற்றில் படிந்துவிடும். அசையாத நாளில் மேலே இருக்கும் தண்ணீர் சுத்தமாகவே தெரியும். முதல் கனமழையில் சேறு கலங்கும்போது அதுவும் சேர்ந்து எழும். 2021 நவம்பரில் பாலாறு கரை ததும்ப ஓடியதே, அப்படிப்பட்ட வெள்ளம் ஓரிடத்துச் சேற்றை அள்ளி வேறோர் இடத்தில் கொட்டிவிட்டுப் போகும். ராணிப்பேட்டையில் மூடிய ரசாயன ஆலை ஒன்றில் குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அங்கிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கசியும். மழை தண்ணீரைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை அந்த இடத்தில் செல்லாது.

தோல் ஆலைகள்தான் சுத்திகரிப்பு நிலையம் வைத்துவிட்டனவே?

பல வைத்தன. தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதற்கு ஒரு பெரிய காரணம். ஆனாலும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. சாக்கடைக் கழிவு நாளடைவில் மக்கிப்போகும். குரோமியம் மக்காது, இருந்த இடத்திலேயே இருக்கும், அல்லது இடம் மாறும். அவ்வளவுதான்.

அப்படியானால் எப்போது சோதிப்பது?

ஏப்ரல், மே மாதத்தில் ஒருமுறை. பருவமழையின் முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், உலோகம் பற்றிய கவலைக்கு நான் மழைக்குப் பிந்தையதையே தேர்ந்தெடுப்பேன். மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ‘குரோமியம், ஈயம், காட்மியம்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் உப்பு, கடினத்தன்மையோடு முடித்துவிடக்கூடும்.

கையிலேயே டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, போதாதா?

போதாது. குடிநீரில் உப்புக்கு விரும்பத்தக்க உச்சம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். குரோமியத்துக்கு 0.05, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஈயத்துக்கு 0.01, காட்மியத்துக்கு 0.003. மீட்டர் 480 காட்டினால் அதற்குள் குரோமியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியவே தெரியாது.

தண்ணீரை எப்படிப் பிடிப்பது?

பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் சில துளி அமிலம் விட்டுக் கொடுப்பார்கள். உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. அழுக்கு என்று நினைத்துக் கழுவி ஊற்றிவிடாதீர்கள், கையிலும் படவிடாதீர்கள். போர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். குழாயில் தேங்கி நின்ற தண்ணீர் குழாயின் கதையைத்தான் சொல்லும். ஆற்று நீர் என்றால் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, காலடிச் சேறு கலங்காமல் எடுக்க வேண்டும்.

முடிவுத் தாளில் ‘பிடிஎல்’ என்று போட்டிருக்கிறதே?

கருவியால் காட்ட முடிந்த அளவுக்குக் கீழே என்று பொருள், ‘இல்லவே இல்லை’ என்றல்ல. கருவி காட்டக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன என்று அங்கேயே கேளுங்கள். 0.1-க்குக் கீழே அது காட்டாது என்றால், 0.05 என்ற வரம்பைப் பற்றி அந்தத் தாள் உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. வடிகட்டிச் சோதித்தார்களா, கலங்கலோடு சோதித்தார்களா என்பதையும் கேளுங்கள். வடிகட்டியிருந்தால் துகளில் ஒட்டியிருந்தது கணக்கில் வராது.

குரோமியம் வரம்பைத் தாண்டிவிட்டால்?

முதலில், கொதிக்கவைக்காதீர்கள். கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகி மீதித் தண்ணீரில் அது கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும், முக்கியமாகக் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவும், காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியைப் பிரித்துவிடும். ஆனால் அது வெளியேற்றும் தண்ணீரில் உலோகம் செறிந்திருக்கும், அதைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். ஆய்வகத்தில் ‘ஆறிணைதிற குரோமியம்’ (புற்றுநோய் தரக்கூடிய, அதிக நச்சுள்ள வகை) எவ்வளவு என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாட்டிலில் தேதியோடு, கடைசியாக மழை பெய்தது எந்த நாள் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தாள் வரும்போது பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டியிருக்கும்.