மலைப்பாதைக்குப் பழைய மோட்டார் சைக்கிள்: முன் போர்க்கைப் பார்த்து வாங்குக

சென்ற காப்பிப் பருவத்தின்போது சேர்வராயன் மலைமீதுள்ள சங்கமொன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். கடன் பைல்களுள் ஒன்று, பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காக ஓர் அங்கத்தினருக்கு வழங்கிய கடனைப் பற்றியது. விண்ணப்பம், நிர்வாகக் குழுவின் தீர்மானம், ஜாமீன்தார் இருவரின் கையொப்பம், விற்றவர் கொடுத்த ரசீது, இன்ஷூரன்ஸ், ஆர்.சி.யில் சங்கத்தின் ஈட்டுக் குறிப்பு ஆகிய யாவும் ஒழுங்காக இருந்தன. “கிரமமாக உள்ளது” என்று எழுதிக் கையொப்பமிட்டோம். வண்டியை நாம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்று குழுவினருக்கும் தோன்றவில்லை; நமக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் சென்றபின் அந்த அன்பர், பின்புறம் இரண்டு மிளகு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவொன்றில் விழுந்தார். மூடுபனியில் சாலை நனைந்திருந்தது. வளைவுக்கு முன் பிரேக் பிடித்தாராம். வண்டியின் முன்புறம் ‘டக்’ என்ற ஓசையுடன் அடிவரை இறங்கிற்றாம். அதற்குமேல் கைப்பிடி தம் சொற்படி கேட்கவில்லை என்றார். கட்டைச்சுவர் இருந்ததால் பள்ளத்தில் உருளாமல் தப்பினார். ஆயினும் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அறுவடை நடக்கும் நாட்களில் சிறு தோட்டக்காரர் ஒருவரின் வலக்கை கட்டுப்பட்டிருப்பது என்னவென்பதை மலையிலுள்ள அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

செய்தி கேட்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். வண்டி கொல்லைப்புறத்தில் சாத்தியிருந்தது. முன் சக்கரத்தின் இடப்பக்கத்துக் கால் முழுவதும் எண்ணெய் வழிந்து, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. “வாங்கும்போது இப்படி இல்லை ஐயா, துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள்” என்றார். உண்மையாகத்தான் இருக்கும். எவரும் துடைக்காமல் விற்பதில்லை.

முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் இரண்டு குழாய்க் கால்களையே பட்டறைகளில் ‘போர்க்’ என்கின்றனர். ‘முன் ஷாக்’ என்பாரும் உண்டு. மேலே உள்ள குழாய், கீழே உள்ள பெரிய குழாய்க்குள் தொலைநோக்கியின் குழல்களைப் போல் நுழைந்து வெளிவருகிறது. உள்ளே ஒரு நீண்ட சுருள்வில்லும், அளவிட்டு ஊற்றிய எண்ணெயும் உள்ளன. சுருள்வில் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் வில் மட்டும் இருந்தால், ஒரு குழியில் இறங்கிய சக்கரம் பந்தைப்போல் பலமுறை குதித்துக்கொண்டே செல்லும். அந்தக் குதிப்பை அடக்குவது எண்ணெயே. குழாய் இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டியிருப்பதால் ஓட்டம் மெதுவாகிறது. அந்த எண்ணெய் வெளியேறாமல் வாயைக் கவ்விக்கொண்டிருக்கும் ரப்பர் வளையமே ஆயில் சீல்.

எண்ணெயால் குதிப்பை அடக்கும் இம்முறையை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1935-இல் தன் ஆர்12 வண்டியில் கொண்டுவந்தது. உலகப் போருக்குப்பின் அது எங்கும் பரவிற்று. 1955-இல் நிறுவப்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரில் செய்யப்பட்டு 1973 முதல் எஸ்டி என்று பெயர்பெற்ற ஜாவா, 1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகிய எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். ஆகவே எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் பரீட்சை ஒன்றே. (பழைய ஸ்கூட்டர்களின் முன் அமைப்பு வேறு, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.)

சமவெளியில் ஓரளவு பொறுத்துப்போகும் பழுது மலையில் பொறுப்பதில்லை. சேலம் நகரம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. இறங்கும்போது வண்டியின் பாரம் இயல்பாகவே முன்புறம் சாய்கிறது. பிரேக் பிடித்தால் இன்னும் அதிகமாகச் சாய்கிறது. அந்தப் பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு சக்கரத்தைச் சாலையோடு அழுத்தி வைக்க வேண்டியது போர்க்தான். அது அடிவரை இறங்கி முட்டிக்கொண்டால், அதன்பின் வரும் சிறு மேடும் நேராகக் கைப்பிடிக்கு வந்து சேருகிறது. சக்கரம் சாலையை விட்டுத் தாவுகிறது. தாவும் சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்காது, திருப்பலும் கேளாது.

அன்பரின் வண்டியைச் சரக்கு லாரியொன்றில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்து, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் பிரித்த ஒவ்வொன்றையும் அருகிருந்து பார்த்தோம். நம் பைலில் இல்லாத சங்கதிகள் பல அந்த இரண்டு குழாய்களுக்குள் இருந்தன.

முதலில் எண்ணெய். இடக்காலில் அநேகமாக ஒன்றுமில்லை. அடியில் கரும் வண்டலே இருந்தது. வலக்காலில் வேண்டியதற்கு அதிகமாக, அதுவும் என்ஜினுக்கு ஊற்றும் கெட்டி எண்ணெய் இருந்தது. கெட்டி எண்ணெய் ஊற்றினால் கைப்பிடியை அழுத்திப் பார்ப்பவருக்கு முன்புறம் ‘கிண்’ணென்று இருக்கும், ஒழுக்கும் சில நாள் தெரியாது. மலைக்குளிரில் அது மேலும் இறுகிவிடும்; ஒரு குழியில் இறங்கிய போர்க் மீண்டு எழுமுன் அடுத்த குழி வந்துவிடும். அளவுக்குமேல் ஊற்றுவதும் தவறே. மேலே உள்ள காற்றுக்கு இடமில்லாமல் போய், நெருக்கடியில் சீல் பிதுங்கிக்கொள்ளும். ஒரு கால் தளர்ந்தும் மறுகால் இறுகியும் இருந்ததைக் கண்டபோது நமக்குத் தறியே நினைவுக்கு வந்தது. பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்ந்தால் துணி கோணுவதை நெசவாளர் அறிவர்.

அடுத்தது குழாய். ஒழுகிய இடக்காலைப் பார்த்து, “சீல் மாற்றினால் போதாதா?” என்று கேட்டோம். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ரப்பர் உறையை மேலே தள்ளி, நம் விரல் நகத்தைக் குழாயின்மேல் வைத்து இழுக்கச் சொன்னார். நகம் மூன்று இடங்களில் தட்டிற்று. குரோமியப் பூச்சு உரிந்து, துரு குழி பறித்திருந்தது. தூசியைத் தடுப்பதற்காகப் போட்ட ரப்பர் உறை அடியில் கிழிந்து, பனியின் ஈரத்தை உள்ளேயே தேக்கி வைத்துக்கொண்டதாம். “இந்தக் குழி புது சீலையும் அரம்போல் அறுத்துவிடும் ஐயா. முன்பே இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது” என்றார். சீல் விலை குறைந்த பொருள்; ஆகையால் ஒழுகும் போதெல்லாம் சீலை மட்டும் மாற்றி, காரணத்தை விட்டுவிடுகிறார்கள். குழி விழுந்த குழாய்க்குப் புதுக் குழாய் போடுவது, அல்லது கடினக் குரோமியம் ஏற்றி அளவுக்குத் தேய்த்து வாங்குவது என்னும் இரண்டே வழிகள் உண்டு.

சுருள்வில் இரண்டும் ஒரே உயரமாக இல்லை. குட்டையாகிவிட்டதன் மேல் இரும்பு வாசர்களை அடுக்கி உயரத்தைச் சரிக்கட்டியிருந்தனர். வில் நைந்துவிட்டது என்பதற்கு அந்த வாசர்களே சாட்சி. தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்துள்ள அளவுக்குக் கீழே ஒன்று குறைந்தாலும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடைசியாகக் கழுத்து. கைப்பிடி திரும்புவதற்காகச் சட்டத்தின் கழுத்தில் குண்டுகளும் கிண்ணங்களும் உள்ளன; பட்டறைகளில் ‘கோன் செட்’ என்பர். வண்டி பெரும்பாலும் நேராகவே செல்வதால், குண்டுகள் ஒரே இடத்தில் அடிபட்டுக் கிண்ணத்தில் குழி விழுந்துவிடும். இந்த வண்டியில் கைப்பிடி நடுவுக்கு வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றது. வளைவில் “சொற்படி கேட்கவில்லை” என்று அன்பர் கூறியதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

இவற்றுள் அநேகமானவற்றை வாங்குவதற்கு முன்பே, ஒரு ஸ்பானரும் இல்லாமல் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் நம்மை வருத்திற்று. நடு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஒருவர் பின்புறத்தை அழுத்தினால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போது கைப்பிடியை மெதுவாக இருபுறமும் திருப்ப வேண்டும். நடுவில் தட்டினால் கிண்ணம் போயிற்று. பிறகு முன் அமர்ந்து, இரு கால்களின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறதென்பதை இன்னொருவரின் விரல் சொல்லும். கழுத்தடியில் விரல் வைத்து ஆட்டம் தெரிந்தால் கோன் செட்; குழாய் குழாய்க்குள் நுழையும் வாயில் தெரிந்தால் உள்ளிருக்கும் புஷ் தேய்ந்தது. விற்பவர்கள் இரண்டுக்கும் “நட்டை முறுக்கினால் சரியாகிவிடும்” என்றே கூறுவர். குழி விழுந்த கிண்ணத்தை முறுக்கினால் ஆட்டம் நிற்கும், தட்டல் அதிகமாகும். தேய்ந்த புஷ்ஷுக்கோ அந்த நட்டோடு சம்பந்தமே இல்லை.

வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உடல் பாரத்தைக் கைப்பிடியில் கொடுத்து அழுத்தி விட வேண்டும். நல்ல போர்க் சீராக இறங்கி, எழுந்து, நின்றுவிடும். இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் எண்ணெய் இல்லை அல்லது நைந்துவிட்டது. அடியில் முட்டும் ஓசை வந்தால் வில்லையும் சந்தேகிக்க வேண்டும். இறங்கவே மறுத்தால் கெட்டி எண்ணெயாக இருக்கலாம். வளைந்த குழாயாகவும் இருக்கலாம். ரப்பர் உறையைத் தூக்கிப் பார்ப்பதை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது. தூக்க வேண்டாமென்று விற்பவர் தடுத்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவது நலம்.

எதிரே சற்றுத் தொலைவில் நின்று பார்த்தால், கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் கோணல் உண்டா என்பது தெரியும். எப்போதோ விழுந்த வண்டியில் கால்கள் பிடியில் முறுகிக்கொண்டிருப்பதுண்டு. பிடி போல்ட்டுகளையும் அச்சையும் தளர்த்தி நேராக்கி மீண்டும் முறுக்கினால் அது சரியாகும். குழாயே வளைந்திருந்தால் கதை வேறு. பெண்டு எடுத்துத் தருவதாகப் பலர் கூறுவர். இறங்கும் பாதையில் பிரேக்கின் பாரத்தைத் தாங்க வேண்டிய குழாய் அது. பெண்டு எடுத்த குழாயை நாம் நம்பமாட்டோம்.

பழுது பார்க்கும்போது மேல்நட்டுக்குக் கீழே வில் அழுத்திக்கொண்டிருக்கும் என்பதை மறக்கலாகாது. சக்கரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்த பிறகே, முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும். எண்ணெய் கையேட்டில் குறித்த இனமாகவும், இரு கால்களிலும் அளவுக்குவளையால் அளந்த ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். புது சீலை நுழைக்குமுன் அதன் உதட்டில் எண்ணெய் தடவி, குழாயின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டால் உதடு அறுபடாது. ஒழுகிய எண்ணெய் பிரேக்கைத் தொட்டிருக்கிறதா என்பதையும் உடனே பார்த்துவிட வேண்டும். எண்ணெய் குடித்த பிரேக் கட்டையைத் துடைத்து மாட்டுவது வீண்.

இது மலையில் உள்ளவர்களுக்கு மட்டுமான விஷயமன்று. அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் பாவு மூட்டையையும் சேலைக் கட்டையும் பெட்ரோல் டாங்கியின்மேல் வைத்துச் செல்லும் நெசவாளர் பலரை நாம் காண்கிறோம். அந்தப் பாரத்தில் ஒரு பகுதி முன் போர்க்கின்மேல்தான் விழுகிறது.

பணத்தைப் பற்றியும் கூற வேண்டும். குழாய் இரண்டு, வில், சீல், புஷ், கோன் செட், கூலி யாவும் சேர்ந்து, அன்பர் வண்டிக்குக் கொடுத்த விலையில் கணிசமான பங்காயிற்று. வாங்குமுன் தெரிந்திருந்தால் அத்தொகையை விலையில் குறைத்துக் கேட்டிருக்கலாம். அல்லது வண்டியையே வேண்டாமென்று விட்டிருக்கலாம். சங்கமோ வண்டியின் முழு விலையையும் ஈடாகக் கருதிக் கடன் கொடுத்திருந்தது. ஈடு பெற்ற சொத்து ஒழுகிக்கொண்டிருந்ததை எந்த ரிஜிஸ்தரும் காட்டவில்லை.

பின்னர் நடந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விஷயம் வந்தது. நம் பங்கையும் மறைக்காமல் கூறினோம். இனிப் பழைய வண்டிக்குக் கடன் கேட்பவர், வண்டியைச் சங்க வாசலுக்குக் கொண்டுவந்து மெக்கானிக் ஒருவரின் முன் காட்ட வேண்டுமென்றும், பழுதுச் செலவைக் கழித்தே கடன் தொகை நிர்ணயிக்கப்படுமென்றும் தீர்மானித்தனர். இதனால் தாமதம் உண்டாகும் என்று ஒருவர் ஆட்சேபித்தார். ஒரு காலை நேர வேலைதானே என்று காரியதரிசி பதில் கூறினார். அன்பரின் தவணைக்கு, விதிக்கு உட்பட்டு, அடுத்த அறுவடை வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

வண்டி புதுக் குழாய்களுடன் மலைக்குத் திரும்பிவிட்டது. தோள் இன்னும் முழுவதும் ஆறவில்லை. ஆகவே இப்போதைக்கு அவருடைய மைத்துனர் ஓட்டுகிறார். மிளகு மூட்டைகள் பஸ்ஸில் இறங்குகின்றன.